புயலில் தவறிய டயாலிசிஸ்: கொடைக்கானலில் தண்ணீரும் ரோடும் நின்ற அந்த வாரம்

கிட்னி வேலை செய்யாமல் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும், அதாவது டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு மலையில் குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். எங்களுக்கு வந்த கஷ்டத்தில் பாதி, தண்ணீரும் ரோடும் நின்றுபோனதால் வந்தது. அது மலையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் பொது. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலைக் கடந்து போனபோது ஆனந்தகிரியில் எங்கள் வீட்டில் நானும் அத்தையும் மட்டும்தான் இருந்தோம். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. அந்த வாரம் அலைந்து திரிந்து நான் தெரிந்துகொண்டதை யாராவது முன்னாலேயே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், செலவான பணத்தை விடுங்கள், அத்தை அவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.

அத்தைக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதிவு செய்திருந்தோம். வத்தலக்குண்டு வரைக்குமே கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர், அதற்கப்புறமும் கொஞ்ச தூரம். வியாழக்கிழமை சாயங்காலம் டிவியில், புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் கரையைக் கடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருப்பது 2,100 மீட்டர் உயரத்தில், கடல் எங்கேயோ இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது நம்ம ஊர்ச் செய்தியாகப் படவில்லை. எங்கள் தெருவுக்கு மைக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டோகூட வரவில்லை. வெள்ளிக்கிழமை, 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், டெல்டாவைப் புரட்டிப்போட்டுவிட்டு உள்ளே நகர்ந்து திண்டுக்கல் வழியாக எங்கள் மலைக்கு வந்தது.

முதல் விஷயம் இதுதான். கடலோரத்துக்கு எச்சரிக்கை சொன்னால் கரையேறும் இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கப்புறம் எந்த மாவட்டங்கள் வழியாகப் போகும் என்று சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். உள்ளே வரவர காற்று குறையும், உண்மைதான். ஆனால் ஈரக்காற்றை மலை மேலே தள்ளிவிடும், மேலே போனதும் குளிர்ந்து மழையாகக் கொட்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டி, மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதைப் பார்த்த பிறகும் மலை ஊர்களில் புயல் என்றால் கடலோரக்காரர்கள் பாடு என்றே இருக்கிறோம். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் இருப்பவர், வியாழக்கிழமையே இடம் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியைக் கேட்கலாம், கேட்க வேண்டும். 2012-இல் நியூயார்க் பக்கம் சாண்டி புயலுக்கு முன்பே டயாலிசிஸ் முடித்துக்கொண்டவர்களுக்கு, அப்புறம் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நிலையும் மரணமும் குறைவாக இருந்தது என்று ஆய்வே செய்து சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் முன்கூட்டிச் செய்துகொள்ளலாம் என்பதே எனக்கு அந்த வாரம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலும் யாரும் சொல்லவில்லை.

விடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. நல்ல வெளிச்சம் வந்த பிறகு காற்று இன்னும் கூடியது. எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய தைலமரம் இருந்தது. அது முறியவில்லை, வேரோடு சாய்ந்தது. வேர்த்தட்டு அப்படியே மண்ணைப் பிளந்துகொண்டு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது, அதில் நகராட்சிக் குடிநீர் பைப்பும் சேர்ந்து மேலே வந்துவிட்டது. பைப் இரண்டாக உடைந்து, ஒரு முனை வேரில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. அதே மரத்தின் கொம்பு இ.பி. கம்பியை இழுத்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே கிடந்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர், கரண்ட், ரோடு மூன்றையும் ஒரே மரம் நிறுத்திவிட்டது. கம்பியில் கரண்ட் இல்லை என்று இ.பி. ஆள் வந்து உறுதியாகச் சொல்லாமல் மரத்தை அறுக்க முடியாது, மரத்தை எடுக்காமல் பைப்பைத் தொட முடியாது. ஆள் எங்கே வருவார்? மாநிலம் முழுக்க லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் விழுந்திருந்தது, எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் டெல்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் தண்ணீருக்கு ஒரு துறை, மரத்துக்கு ஒரு துறை, கம்பிக்கு ஒரு துறை, ரோட்டுக்கு ஒரு துறை என்று தனித்தனியாகத் திட்டம் போட்டால் இப்படி ஒரு மரத்தடியில் வந்து எல்லாம் சிக்கிக்கொள்ளும். நாலு துறையிலிருந்தும் துறைக்கு ஒருவராக ஒரே வண்டியில் வரும் குழு வார்டுக்கு ஒன்று வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே அது யார் யார் என்று பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மழை அப்படிப் பெய்கிறது, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். அப்சர்வேட்டரி பக்கத்து அணையில் தண்ணீர் இருக்கலாம், மனோரஞ்சிதம் அணையில் இருக்கலாம். மோட்டார் ஓடாவிட்டால், பைப் உடைந்துவிட்டால் அது எங்கள் குடத்துக்கு வராது. வீட்டில் சம்பு முக்கால் அளவு இருந்தது. சின்டெக்ஸில் அடித்தட்டு வரைக்கும் காலி, தட்டிப் பார்த்தால் வெறும் சத்தம். கரண்ட் இல்லாததால் சம்புத் தண்ணீர் மேலே ஏறவில்லை. மூடியைத் தூக்கிக் கயிறு கட்டிய வாளியால் இறைத்தேன். எங்கள் சம்பு மூடி தூக்குகிற மாதிரி இருந்ததால் தப்பித்தோம். பக்கத்து வீட்டில் சம்பு வாயின் மேல் டைல்ஸ் ஒட்டி, மோட்டார் பைப் போக மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். காலடியில் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கள் வீட்டுக்குக் குடத்தோடு வந்தார்கள். புதுசாக வீடு கட்டுபவர்கள் தயவுசெய்து வாளி இறங்குகிற அளவுக்கு வாய் வையுங்கள், பூட்டு மூடி போடுங்கள், குழந்தைகள் இருக்கும். எச்சரிக்கை வந்த அன்றே கரண்ட் இருக்கும்போது சின்டெக்ஸை நிரப்பிவிடுங்கள்.

எவ்வளவு வேண்டும்? குடிக்க, சமைக்க, கை கால் கழுவ எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது பேரிடர் நிவாரணத்தில் உலகம் முழுக்கப் பின்பற்றுகிற கணக்கு. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு முந்நூறு லிட்டருக்கு மேல் ஆகிறது. சம்பு இல்லாத லைன் வீடுகளில் அதற்கு இடமே கிடையாது. அவர்களுக்குத் தெருவில் பொதுத் தொட்டி வேண்டும், அதுவும் மேட்டில். கரண்ட் இல்லாமல் தானாக இறங்கி வருகிற மாதிரி. பிறகொரு நாள் நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற ஒரு அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். எந்தத் தெருவுக்கு ஓட்டத்திலேயே தண்ணீர் போகும், எந்தத் தெருவுக்கு மோட்டார் ஓடினால்தான் போகும், எந்த வால்வை மூடினால் உடைந்த பக்கத்தை மட்டும் பிரித்துவிட்டு மற்றவர்களுக்கு விடலாம், எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கிறது. "இது எங்கேயாவது எழுதி இருக்காண்ணே?" என்றேன். "என் தலைக்குள்ள இருக்கும்மா" என்றார். அவர் பக்கம் ரோடு அடைபட்டுவிட்டால் அந்தத் தலை ஊருக்குள் வர முடியாது. அதை ஒரு வரைபடமாகப் போட்டு, வால்வு திருகுகிற சாவியையும் சேர்த்து நாலு இடத்தில் வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பம்பு நிலையங்களுக்கு ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது. ரோடு மூடியிருக்கும் நாட்களுக்கும் சேர்த்து டீசல் மேலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது நாளிலிருந்து சம்புத் தண்ணீர் அடியில் கலங்கல். தெருவில் சிலர் ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுவருவார்கள், அந்த ஓஸும் மரம் விழுந்து பல இடத்தில் அறுந்துவிட்டது. ஓடைத் தண்ணீர் டீ மாதிரி வந்தது. அதைத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்தேன். இங்கே ஒரு விஷயம். நம்ம உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கீழே ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடமாவது விடாமல் கொதிக்க வேண்டும். அப்படியென்றால் கேஸும் கூடுதலாகச் செலவாகும், அதையும் கணக்கில் வையுங்கள். சிலிண்டர் லாரியும் அதே ரோட்டில்தான் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் போனும் போய்விட்டது. முதலில் ஒரு கம்பெனி, சாயங்காலத்துக்குள் எல்லாமே. டவர்களுக்கும் பேட்டரியும் டீசலும்தான் உயிர். ஆஸ்பத்திரிக்குச் சொல்ல முடியவில்லை, வீட்டுக்காரருக்கும் சொல்ல முடியவில்லை. அவர் அங்கே டிவியைப் பார்த்துக்கொண்டு எங்கள் நம்பரையே அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அத்தை என்னைத் தேற்றினார். "நீ பதறாதம்மா, ஒரு நாள் தள்ளிப்போனா ஒண்ணும் ஆயிடாது." ஆனால் சாயங்காலமே கால் வீங்க ஆரம்பித்துவிட்டது, ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே இருந்தார். அந்த ராத்திரி நான் பயந்த மாதிரி அதற்கு முன் எதற்கும் பயந்ததில்லை.

சனிக்கிழமை தெருக்காரர்கள் ரொம்ப அன்பாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். தக்காளி சாதம், உருளைக்கிழங்கு, ஒரு சீப்பு மலைவாழைப்பழம். பண்ணைக்காடு பக்கம் விளைகிற பழம், அத்தைக்கு உயிர். ஆனால் கிட்னி போனவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாது, இவை மூன்றிலுமே அது அதிகம். அளவு மீறினால் இதயத்துடிப்பே நின்றுவிடலாம். பழத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அக்காவின் முகம் வாடியது, எனக்கும் அழுகை வந்தது. நிவாரணச் சாப்பாடு கொடுப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். டயாலிசிஸ் தவறினால் சாப்பிட வேண்டியதற்கு என்றே ஒரு அவசரப் பட்டியல் உண்டு: வெறும் சாதம், ரவை, உப்பில்லாத கஞ்சி, நீரில் ஊறவைத்து வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிய காய், குடிக்கும் தண்ணீரை வழக்கத்தைவிடப் பாதியாகக் குறைப்பது. இளநீர் வேண்டவே வேண்டாம். உங்கள் டாக்டரிடம் கேட்டு அவர் கையாலேயே எழுதி வாங்கி சமையலறையில் ஒட்டிவையுங்கள். பொட்டாசியத்தை இறக்கும் பவுடர் அவசரத்துக்குத் தரலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இனி ரோடு. கொடைக்கானலுக்கு மூன்று வழி என்று எல்லாரும் சொல்வார்கள்: வத்தலக்குண்டு ரோடு, பழனி ரோடு, அடுக்கம் வழியாகப் பெரியகுளம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றும் பெருமாள்மலையில்தான் பிரிகின்றன. அங்கிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வழியாக ஊருக்குள் வருவதற்கு பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் நம்பியிருப்பது ஒரே ரோட்டைத்தான். அந்தச் சின்னத் துண்டில் ஒரு மரம் விழுந்தால் மூன்று வழியும் ஒன்றாக மூடிக்கொள்ளும். இந்த ஊரில் கல்யாணமாகி வந்து இத்தனை வருஷம் ஆகியும் அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அடுக்கம் ரோடு சாதாரண மழைக்கே சரிகிற ரோடு, அதை நம்ப முடியாது. மலைச்சரிவில் இருக்கிற வெள்ளகவி கிராமத்துக்கு அப்போது ரோடே கிடையாது, நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கிவருவார்கள். வருஷம் முழுக்க அவர்கள் இருந்த நிலைமையை எங்கள் தெரு ஒரு வாரம் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூஞ்சிக்கல் வரை நடந்துபோய் விசாரித்தேன். நெடுஞ்சாலை ஆட்களும் தீயணைப்புக்காரர்களும் ஊர்ப் பையன்களும் இரண்டு பக்கமிருந்தும் மரம் அறுத்துக்கொண்டு வருகிறார்கள், ஆனால் இன்னும் வண்டி போகாது என்றார்கள். ஒரு ஜீப் தம்பி சொன்னார், "அக்கா, நான் மரம் கிடக்கிற வரைக்கும் விடுறேன். அந்தப் பக்கம் என் சிநேகிதன் வண்டி நிக்கும். நடுவுல தூக்கிக்கலாம்." அப்படியே செய்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தையை உட்காரவைத்து, போர்வையால் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். அறுத்த அடிமரத்தின் ஈரத்தில் ஒரு பையன் வழுக்கியபோது நாற்காலி சாய்ந்து, அத்தை என் கையைப் பிடித்த பிடி இரண்டு நாளைக்குக் கன்றியிருந்தது. ரோட்டின் பள்ளத்துப் பக்கம் பாதி காணாமல் போயிருந்தது. மேலே ஓடை வருகிற இடத்தில் மதகு குழாய் இலையும் கல்லும் அடைத்து, தண்ணீர் ரோட்டின் மேலே ஏறி அந்தப் பக்கத்தை அரித்துக்கொண்டு போயிருந்தது. அந்த மதகை அக்டோபரில் இரண்டு ஆள் ஒரு நாள் சுத்தம் செய்திருந்தால் ரோடு நின்றிருக்கும் என்று தூக்கிவந்தவர்களே சொன்னார்கள். இரண்டு ஜீப்புக்கும் தூக்கியவர்களுக்கும் சேர்த்து 9,500 ரூபாய். அவர்கள் பேரம் பேசவே இல்லை, நானாகக் கொடுத்தது, இன்னும் கொடுத்திருக்கலாம்.

மலை ரோட்டில் உதவி கீழேயிருந்து வருவதற்குள் நேரம் போய்விடும். அதனால் இயந்திரம் மேலேயே இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் ஒரு ஜே.சி.பி. பெருமாள்மலையில், ஒன்று ஊருக்குள், இன்னொன்று வத்தலக்குண்டு ரோட்டில் ஊத்து பக்கம் என்று முன்கூட்டியே நிறுத்திவிட்டால் இரண்டு முனையிலிருந்தும் வேலை நடக்கும். மரம் அறுக்கும் மெஷின், அதற்குச் செயின், பெட்ரோல் எல்லாம் வழியில் உள்ள ஊர்களிலேயே இருக்கட்டும். அறுக்கத் தெரிந்த பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தலைக்கவசமும் கையுறையும் கூலியும் கொடுத்தால் போதும். ரோட்டோரத்தில் சாய்ந்து நிற்கிற தைலமரங்களையும் சீகை மரங்களையும் மழைக்கு முன்பே பார்த்து எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து மேலே வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது, எத்தனை வண்டி மேலே வருகிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியும். அந்தக் கணக்கை வைத்து, புயல் எச்சரிக்கை வந்தவுடன் புதுப் பாஸை நிறுத்தி, மேலே இருப்பவர்களை வெளிச்சம் இருக்கும்போதே இறக்கிவிட்டால், இருக்கிற தண்ணீரும் ரோடும் ஊர்க்காரர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மிஞ்சும்.

கீழே போன பிறகும் முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி இருந்த ஊரிலும் கரண்ட் இல்லை, தண்ணீர் லாரி வரவில்லை. ஒருவருக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய மெஷினுக்குள் மட்டும் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் போகும், ஆர்.ஓ. வீணாக்குவது தனி. தண்ணீர் இல்லாவிட்டால் டயாலிசிஸ் இல்லை. வராந்தாவில் எங்களைப் போல நிறையப் பேர். ராத்திரி வரை காத்திருக்கச் சொன்னார்கள். அத்தைக்குப் பேச்சு குழற ஆரம்பித்ததும் நான் சத்தம் போட்டு ரத்தம் எடுக்கவைத்தேன், பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு, 6.8 இருந்தது. வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே முதல் கேள்வி, வைரஸ் ரிப்போர்ட் இருக்கிறதா? மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் பார்த்த காகிதம் இல்லாமல் மெஷினில் ஏற்ற மாட்டார்கள், எந்த மெஷின் என்று பிரிக்க வேண்டும். அது எங்கள் ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்தது, என் கையில் இல்லை. நோயாளியிடம் ஒரு நகல் கொடுத்துவைக்கும் வழக்கமே அங்கே இல்லை. திரும்ப டெஸ்ட் எடுத்து, அதுவரைக்கும் இதயத்தைக் காக்க கால்சியம் ஊசியும், இன்சுலினும் குளுக்கோஸும் போட்டு வைத்திருந்தார்கள். ஐ.சி.யூ.வோடு சேர்த்து 61,000 ரூபாய் ஆனது. என் வளையலை வைத்துத்தான் கட்டினோம். அத்தை பிழைத்தார்.

மலை ஊர்களில் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆஸ்பத்திரியையும் டயாலிசிஸ் சென்டரையும் முதல் வரிசையில் வைக்க வேண்டும், தண்ணீர் லாரி முதலில் அங்கே போக வேண்டும். வார்டில் யார் டயாலிசிஸில் இருக்கிறார், யார் ஆக்சிஜனில் இருக்கிறார், யாருக்குப் பிரசவத் தேதி நெருங்குகிறது என்ற பட்டியல் கிராம சுகாதார நர்ஸிடமும் தீயணைப்பு நிலையத்திலும் இருந்தால், மரம் அறுக்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து ஆரம்பிப்பது என்று குழம்ப வேண்டியதில்லை. மனுநீதி நாளில் இதை எழுதிக் கொடுத்தேன், ஒப்புகைச் சீட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு அக்டோபரிலும் திரும்பவும் கொடுக்கிறேன். நீங்களும் உங்கள் வார்டில் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, ஆம்புலன்ஸ் 108. போன் வேலை செய்யும்போதே, எச்சரிக்கை வந்த அன்றே அழைத்து வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருக்கிறார் என்று பதியச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதில் டாக்டர் எழுதிய டயாலிசிஸ் குறிப்பு, வீக்கம் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா எந்தப் பக்கம், மாத்திரைச் சீட்டு, கடைசியாக டயாலிசிஸ் செய்த தேதி எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பியிருக்கிறேன். பழனிப் பக்கம் ஒரு சென்டரிலும் தேனிப் பக்கம் ஒரு சென்டரிலும் போய்ப் பேசி, எந்த ரோடு திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வருவோம் என்று பெயர் கொடுத்துவைத்தோம். வைரஸ் ரிப்போர்ட்டின் தேதியை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். பழையதாக இருந்தால் ஏற்க மாட்டார்கள்.